என் வயிற்றுக்குள் கந்தகம்

குழாய்த் தண்ணீரில் கந்தகம் கலந்துவிட்டது. அதில் அரை டம்ளர் என் வயிற்றுக்குள் போய்விட்டது. இனிமேல் யாராவது என் பக்கத்தில் தீக்குச்சி உரசினால் நான் பற்றிக்கொள்வேன்.

ஒரு காலைப் பொழுது முழுக்க இதை நான் நம்பினேன். ஐம்பதைத் தொட்டவன், பி.காம். படித்தவன், கடை வைத்து நாலு பேருக்குப் புத்தி சொல்லுகிறவன். நம்பினேன்.

"ஏட்டி செண்பகம், அடுப்பப் பத்த வைக்காதட்டி! நான் இங்கன நிக்கேன்!" என்று அடுப்படி வாசலில் நின்று கத்தினேன். கத்தியதும் வாயைத் திறப்பதே ஆபத்து என்று தோன்றியது. கையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

செண்பகம் என் மனைவி. கையில் லைட்டரை வைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். "காப்பி வேண்டாமா? இல்ல நீங்களே அடுப்பா இருந்துக்கிடுதீங்களா?"

நடந்தது இதுதான். விடிந்தும் விடியாமலும் வந்து, பாதியில் நின்றுபோன முனிசிபல் தண்ணீர், காலை வெயில் ஏறும்போது மறுபடி வந்தது. நான் கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பாதி குடித்தேன். மீதியை ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். மஞ்சள். நல்ல பளிச்சென்ற மஞ்சள்.

எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு தீப்பெட்டி ஆபீஸ், அதாவது தீப்பெட்டித் தொழிற்சாலை, இருக்கிறது. கந்தகம் மஞ்சள் நிறம். இரண்டையும் கூட்டினேன். கணக்கு முடிந்துவிட்டது.

"அப்பா, நானும் இப்பத்தான் ஒரு டம்ளர் குடிச்சேன்" என்றாள் உமா. எவர்சில்வர் டம்ளரில் குடித்திருக்கிறாள், நிறம் தெரியவில்லை.

உமா என் மகள். ஏழு மாதக் கர்ப்பிணி. எங்கள் தெருக் கோவில் பங்குனிப் பொங்கலும் வளைகாப்பும் சேர்ந்தே முடியட்டும் என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்லி அழைத்து வந்திருந்தோம்.

அதுவரை என் பயம் எனக்குக் கொஞ்சம் ரசிக்கத்தக்கதாகத்தான் இருந்தது. ஒரு சுயமரியாதை உள்ள பயம். அவள் அப்படிச் சொன்னதும் செண்பகத்தின் கையிலிருந்த லைட்டரைப் பிடுங்கி ஜன்னலுக்கு வெளியே எறிந்தேன்.

தண்ணி என்ன டவுன் பஸ்ஸா?

போன வாரம் இதே பத்தியில், கடம்பூரில் போளி வாங்க இறங்கி ரயிலை விட்ட கதையை எழுதியிருந்தேன்; அதைப் படித்துவிட்டுச் செண்பகம் கேட்டாள்: "உங்களப் பத்தி நல்லதா எழுத ஒண்ணுமே இல்லையா?" தேடிப் பார்த்தேன். தொழிலைப் பற்றி எழுதலாம் என்று நினைத்தேன். அதுவும் இப்படித்தான் முடிகிறது.

எனக்குப் பைப் கடை. குழாய், பெண்டு, வால்வு, மோட்டார், தொட்டி மூடி எல்லாம் கிடைக்கும். இந்தத் தொழிலில் எனக்கு ஒரு பங்காளி உண்டு. கரிசல் மண். மழை பெய்தால் மாவு மாதிரி உப்பும், கோடையில் வாயைப் பிளக்கும். அது வாயைப் பிளக்கும்போது மண்ணுக்குள் கிடக்கிற பைப்பின் ஜாயிண்டும் சேர்ந்து பிளக்கும். வேப்பம்பூ உதிரும் காலம் வந்தால் என் கடையில் கூட்டம் வந்துவிடும்.

கடையில் ரிட்டன் வால்வு என்று ஒரு சாமான் இருக்கிறது. உள்ளே ஒரு சின்னக் கதவு. தண்ணீர் முன்னே போனால் திறக்கும், பின்னே வந்தால் தானே அடைத்துக்கொள்ளும். வீட்டு இணைப்பு எடுக்கிறவர்கள் சிலர் கேட்பார்கள்: "அண்ணாச்சி, இது கட்டாயம் போடணுமா?"

"எதுக்கு? தண்ணி என்ன டவுன் பஸ்ஸா, போன வழியே திரும்பி வர?" என்பேன்.

எல்லாரும் சிரிப்பார்கள். வால்வை வைத்துவிட்டு டீ குடித்துவிட்டுப் போவார்கள். இவ்வளவு வருஷத்தில் நான் சொன்ன ஜோக்குகளில் இதற்குத்தான் அதிகம் சிரித்திருக்கிறார்கள். பொருளை விற்காமல் ஜோக்கை விற்ற வியாபாரி கோவில்பட்டியில் நான் ஒருவன்தான்.

சத்தம் கேட்கக் கூடாது

எங்கள் பக்கம் தண்ணீர் பிடிக்கிற முறையைச் சொல்ல வேண்டும். வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது.

முறை வைத்துத்தான் தண்ணீர் வரும். வேகம் இருக்காது என்பதால் வாசலில் குழி தோண்டி, குழிக்குள் குழாய் வைத்திருப்போம். அதில் ரப்பர் ஓஸை மாட்டி, ஓஸின் மறு நுனியை டிரம்மின் அடிமட்டம் வரை அமுக்கிவிடுவோம். துள்ளி வெளியே வராமல் இருக்கத் துணியால் இறுக்கிக் கட்டுவோம்.

காரணம் சிக்கனம். மேலே இருந்து விழுந்தால் தெறிக்கும். தெறித்தால் ஒரு சொட்டு வீண். ஒரு சொட்டு வீணானால் எங்கள் ஊரில் பெற்ற தாயே முறைத்துப் பார்ப்பாள். விருந்தாளிக்கு டம்ளரில் முக்கால்தான் ஊற்றுவோம். கஞ்சத்தனம் இல்லை, கை ஆடினால் சிந்திவிடுமே என்கிற அக்கறை.

இன்னொரு காரணமும் உண்டு, வெளியே சொல்ல மாட்டோம். அடியில் அமுக்கினால் சத்தம் கேட்காது. நம் டிரம் நிறைந்துவிட்டது, அடுத்த டிரம் ஓடுகிறது என்பது எதிர்வீட்டுக்குத் தெரியாது.

அன்றைக்குப் பொங்கலின் கடைசி நாள், மஞ்சள் நீராட்டு. மாமன் மச்சான் முறைக்காரர்கள் ஒருவர் மேல் ஒருவர் மஞ்சள் தண்ணீர் ஊற்றி விளையாடுகிற நாள். வருஷா வருஷம் எங்கள் வாசலில்தான் டிரம். கயத்தாறுப் பக்கம் விவசாயம் பார்க்கிற என் மைத்துனன் மாடசாமி, ஒரு பெரிய நீல டிரம்மை லோடு ஆட்டோவில் ஏற்றி அனுப்பியிருந்தான். செண்பகம் முந்தின நாளே அதில் பாதித் தண்ணீர் நிரப்பி மஞ்சள் கரைத்து வைத்துவிட்டாள். விடியற்காலையில் தண்ணீர் வந்ததும், மீதியை ரொப்புவதற்காக நான் ஓஸை அடிவரை அமுக்கி, துணியால் கட்டினேன். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் நின்றுவிட்டது. கீழ ரோட்டில் எங்கேயோ மெயின் குழாயின் ஜாயிண்ட் விட்டுவிட்டது என்றார்கள். "பங்காளி வேலையைக் காட்டிட்டான்" என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டு, ஓஸை அப்படியே விட்டுவிட்டு டீக்கடைக்குப் போனேன்.

திரும்பி வந்தால் டிரம்மில் அடிமட்டத்தில் ஒரு வாளித் தண்ணீர்கூட இல்லை.

"மேலத் தெருப் பயலுவ மஞ்சத் தண்ணியக் களவாண்டுட்டானுவ!" என்று செண்பகம் தெருவைக் கூட்டினாள். நானும் கூடச் சேர்ந்து திட்டினேன். அப்புறம்தான் வாசல் குழாயை அடைத்துவிட்டு உள்ளே போய், மறுபடி வந்த தண்ணீரைப் பிடித்துக் குடித்தேன்.

ஆக, அன்று காலை என்னிடம் இரண்டு வழக்குகள் இருந்தன. ஒன்று, வாசலில் மஞ்சள் தண்ணீர் காணாமல் போனது. இன்னொன்று, குழாயில் மஞ்சள் தண்ணீர் வந்தது. இரண்டும் தனித்தனி வழக்குகள் என்றே நான் கடைசிவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

காதர் பாயின் ஜிப்பா

எதிர்வீட்டுக் காதர் பாய் வெளியே வந்தார். பஜாரில் ஜவுளிக்கடை. வெள்ளிக்கிழமை. கையில் ஒரு வெள்ளை ஜிப்பா. வெள்ளை என்று பழக்கதோஷத்தில் சொல்கிறேன். இடமிடமாக ரத்தச் சிவப்பாக இருந்தது.

"அண்ணாச்சி, இது என்ன கொடுமை? தொழுகைக்கு வச்சிருந்த ஜிப்பா. தண்ணி வந்துச்சேன்னு சோப்பப் போட்டு அலசினேன். இப்படி ஆயிட்டு."

ஜிப்பாவை வாங்கி முகர்ந்து பார்த்தேன். கந்தகம் மஞ்சள், குச்சி மருந்து சிவப்பு. முழுத் தீப்பெட்டியும் குழாய்க்குள் இறங்கிவிட்டது என்று தீர்மானித்தேன்.

"பாய், உங்க மோட்டார்தான் காரணம். பூமிக்குள்ள கெடக்குத மருந்தையெல்லாம் உறிஞ்சி இழுக்குது!"

"எம் மோட்டாரா? அது ஒங்க கடையில வாங்குனதுல்லா! 'பாய், இது சுத்தமா உறிஞ்சும், தெருவுல ஒரு சொட்டு மிஞ்சாது'ன்னு வித்தது யாரு?"

பதில் சொல்ல முடியாத கேள்விகளுக்கு நான் இருமுவது வழக்கம். இருமினால் பற்றிக்கொள்வேனோ என்று அதையும் அடக்கினேன்.

ஒன்று மட்டும் செய்தேன். அதற்காக என்னைக் கொஞ்சம் மன்னிக்கலாம். கோவில் வாசலில் மைக் செட் இருந்தது. ஓடிப்போய் பாட்டை நிறுத்தச் சொல்லி, மைக்கைப் பிடித்தேன்.

"பொதுமக்கள் கவனத்துக்கு. குழாய்த் தண்ணிய யாரும் குடிக்காதீங்க. சமைக்காதீங்க. தண்ணியில கந்தகம் கலந்திருக்கு. குடிச்சவங்க அடுப்புப் பக்கம் போகாதீங்க. பீடி சிகரெட் பிடிக்காதீங்க. ஏப்பம் விடுறவங்க வெட்டவெளியில வந்து விடுங்க."

நாலு திசைக்கும் குழாய் ஒலிபெருக்கி. தீப்பெட்டி ஆபீசுக்கும் கேட்டிருக்கிறது. அங்கே வேலை பார்க்கிற பெண்கள் மதில் மேல் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். "அண்ணாச்சி, நாங்க தினமும் அதுக்குள்ளதான் கெடக்கோம். இதுவரைக்கும் ஒருத்தியும் பத்தல" என்றாள் ஒருத்தி.

சுண்ணாம்பு

வீட்டுக்கு வந்தால் செண்பகம் பாயின் ஜிப்பாவை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் வெற்றிலைப் பெட்டியைத் திறந்து, சுண்ணாம்பை ஒரு விரலில் எடுத்து, நான் குடித்து மிச்சம் வைத்திருந்த டம்ளருக்குள் விட்டுக் கலக்கினாள்.

மஞ்சள் தண்ணீர் சிவப்பாகிவிட்டது.

"ஆரத்தி" என்றாள். "மஞ்சளும் சுண்ணாம்பும் சேந்தா சிவக்கும். சோப்புப் பட்டாலும் சிவக்கும். எத்தன ஆரத்தி எடுத்திருக்கேன் உங்களுக்கு! இது மஞ்சப்பொடிங்க. கந்தகமுமில்ல, ஒரு எழவுமில்ல."

உமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அப்பா, அப்ப நீங்க பத்த மாட்டீங்களா?"

எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. ஆனாலும் விடவில்லை. "அப்ப குழாய்க்குள்ள மஞ்சப்பொடியப் போட்டது யாரு? அந்த மேலத் தெருப் பயலுவதான். களவாண்ட மஞ்சத் தண்ணியக் குழாய்க்குள்ள ஊத்திருக்கானுவ!"

செண்பகம் என்னைப் பார்த்தாள். காதர் பாய் என்னைப் பார்த்தார். அப்போதுதான் நகராட்சியிலிருந்து இன்ஜினியர் வந்து இறங்கினார். சின்ன வயசு, பெண். மைக்கில் நான் பேசியது அவருக்கும் கேட்டிருக்கிறது என்பது முகத்திலேயே தெரிந்தது.

அவர் நேராகக் குழாயடிக்குப் போனார். எங்கள் வாசல் குழியைப் பார்த்தார். குழாயிலிருந்து ஓஸ் வழியே கண்ணை ஓட்டி, டிரம்மை எட்டிப் பார்த்து, அடியில் மஞ்சள் படிந்திருந்த ஓஸ் நுனியைத் தூக்கினார்.

"இத அமுக்கிக் கட்டுனது யாரு?"

"துணி கட்டுனது நான்" என்றேன். "ஓஸை அமுக்கினதும்... நான்தான்."

அவர் பொறுமையாகச் சொன்னார். கீழ ரோட்டில் ஜாயிண்ட் விட்டதும் மெயின் குழாயில் அழுத்தம் போய்விட்டது. தெருவில் உள்ள தண்ணீரெல்லாம் பள்ளத்தைப் பார்த்து இறங்கியிருக்கிறது. அதே நேரத்தில், மிச்சம் மீதியை விடக்கூடாதென்று வீட்டுக்கு வீடு மோட்டாரைப் போட்டிருக்கிறார்கள். குழாய் காலியாக ஆக, எங்கேயாவது தண்ணீருக்குள் முங்கிக் கிடக்கிற ஓஸ் இருந்தால் அங்கிருந்து இழுக்கும். இளநியில் ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுகிற மாதிரி.

"உங்க டிரம்தான் இளநி அண்ணாச்சி" என்றார். "தெரு முழுக்க சேந்து உறிஞ்சியிருக்கு. சப்ளை திரும்ப வந்ததும், குழாய்க்குள்ள கெடந்த மஞ்சள் எல்லா வீட்டுக்கும் வந்துட்டு. இங்க ஒரு ரிட்டன் வால்வு இருந்தா நின்னுருக்கும். அதான் உங்க கடையிலயே விப்பீங்களே?"

காதர் பாய் இருமினார். இந்தத் தடவை அவர் முறை.

"இந்தத் தெருவுல குழாயில திருட்டு மோட்டார் யார் யார் வச்சிருக்கீங்க?" என்று கேட்டார் இன்ஜினியர். யாருமே இல்லை. அவ்வளவு ஒழுக்கமான தெருவை நான் பார்த்ததே இல்லை. ஆனால் வாசலுக்கு வாசல் ஒரு சாக்கு எதையோ மூடிக்கொண்டு கிடந்தது.

நீல டிரம்மா, பச்சை டிரம்மா?

எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தோம். இன்ஜினியரும் சிரித்தார். பிறகு டிரம்மைத் தட்டிக் கேட்டார்: "இது யாரு டிரம்மு? முன்னால இதுல என்ன வச்சிருந்தாங்க?"

"என் மைத்துனனோடது. பருத்தி போட்டிருக்கான். மருந்து கலக்குததுக்கு..."

நான் முடிக்கவில்லை. சிரிப்பெல்லாம் நின்றுவிட்டது. பருத்திக்கு அடிக்கிற பூச்சி மருந்து. நான் உமாவைப் பார்த்தேன். அவளுக்கும் புரிந்துவிட்டது. இரண்டு கையையும் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு, படியில் உட்கார்ந்துவிட்டாள்.

கந்தகத்துக்குப் பயந்தது விளையாட்டு. இது விளையாட்டில்லை. பதற்றத்தில் செல்போனில் என் கடை எண்ணையே அழுத்தினேன். செண்பகம்தான் வாங்கித் தன் தம்பி மாடசாமிக்குப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தாள்.

"மாப்ள, அந்த நீல டிரம்மு..." என்றேன்.

"என்ன அத்தான், ஒடச்சிட்டீங்களா?"

"ஒடைக்கல. அதுல முன்ன என்ன வச்சிருந்த?"

"என்னது? கேக்கல. இருங்க, டிராக்டர அமத்திட்டு வாரேன்."

அவன் டிராக்டரை நிறுத்துவதற்கு எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது. அந்த நேரத்தில் நான் குலதெய்வத்துக்கு ஒரு கிடா, இன்னொரு கிடா, கடைசியில் என் மீசை வரை நேர்ந்துகொண்டேன். பக்கத்தில் காதர் பாய் உதடு அசைய ஓதிக்கொண்டிருந்தார்.

"ஆங், சொல்லுங்க அத்தான். நீலமா பச்சையா?"

"நீலம்டா!"

"நீலம் மாட்டுக்குப் பருத்திக்கொட்டை ஊறப்போடுததுல்லா. மருந்து டிரம்மு பச்சை. அது இங்கன எங்கண்ணு முன்னாலதான் கெடக்கு. நீலத்துல ஒரு நாளும் மருந்து கலந்ததில்ல. ஏன் அத்தான், மாடு கீடு வாங்கிட்டீங்களா?"

செண்பகம் உமாவைக் கட்டிப்பிடித்து அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். தெரு முழுக்க மாட்டுத் தீவன டிரம்மில் ஊறிய தண்ணீரைக் குடித்திருக்கிறது என்று யாரோ சொல்ல, "அதான் எம்புருசன் காலையிலேர்ந்து முட்ட வாராரு" என்று ஒரு பெண் குரல் வந்தது. அதற்கு அப்புறம் யாராலும் நிற்க முடியவில்லை.

இன்ஜினியர் மட்டும் போனின் பக்கம் குனிந்தார். "தம்பி, அந்தப் பச்சை டிரம்முக்கு எப்படித் தண்ணி பிடிக்கீங்க?"

"ஊர்க் குழாயிலதான் மேடம். ஓஸை அடியில அமுக்கி வச்சு. சிந்தக் கூடாதுல்லா. எங்க அத்தான்தான் சொல்லிக் குடுத்தாவ."

ஒரு சாண் காற்று

அன்று மத்தியானத்துக்குள் தெருக் குழாய்களைத் திறந்துவிட்டுக் கழுவி, குளோரின் போட்டு, தரைத் தொட்டிகளையெல்லாம் காலி செய்ய வைத்தார்கள். எங்கள் ஊரில் தண்ணீரைக் கொட்டுவது எவ்வளவு பெரிய துக்கம் என்பது உங்களுக்குத் தெரியாது. சாக்குகளைத் தூக்கி மோட்டார்களைக் கழற்றினார்கள். அதில் முதல் மோட்டார் என்னுடையது.

இன்ஜினியர் ஒரே ஒரு விதி சொன்னார். ஓஸ் எதுவானாலும், டிரம்மின் விளிம்புக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் நிற்க வேண்டும். நடுவில் காற்று இருந்தால் எந்தக் குழாயாலும் உறிஞ்ச முடியாது. ஒரு சாண் காற்றுக்குக் காசு கிடையாது. அவருடைய விதியை நான் மைக்கில் மறுபடி அறிவித்தேன். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அதனால் ஏப்பம் பற்றியும் ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டேன்.

மறுநாள் விடிந்ததும் ஒரு பை நிறைய ரிட்டன் வால்வுடன் மைத்துனன் ஊருக்குப் போனேன். அவனுடைய மருந்து டிரம்மைக் குழாய்ப் பக்கமே வரக்கூடாதென்று வரப்போரம் தள்ளி வைத்தோம். இனி வாளியில் மொண்டு ஊற்றித்தான் கலக்குவான். ஊர்க் குழாய்க்கு நானே என் கையால் வால்வு மாட்டினேன். மாட்டும்போது அவன் கேட்டான்: "தண்ணி திரும்பி வருமா அத்தான்?" நான் ஜோக் எதுவும் சொல்லவில்லை. அவனுக்கு அதுதான் பயமாக இருந்ததாம்.

இப்போது தண்ணீர் வருகிற நாளில் எங்கள் தெருவில் பேசினால் கேட்காது. வாசலுக்கு வாசல் ஒரு சாண் உயரத்திலிருந்து தண்ணீர் டிரம்மில் விழுகிற சத்தம். யாருக்கு எத்தனை டிரம் நிறைகிறது என்பது எல்லாருக்கும் தெரியும். ரகசியம் போய்விட்டது. தெறிக்கிற சொட்டுகளுக்காகச் செண்பகம் டிரம்மைச் சுற்றிலும் கீரை விதைத்திருக்கிறாள்.

சரி, அன்று என்ன ஆனது? போனை வைத்தபின்பும் மனது கேட்காமல் உமாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். டாக்டர் பரிசோதித்தார். அவளுக்கும் ஒன்றுமில்லை, குழந்தைக்கும் ஒன்றுமில்லை. துடிப்பு நன்றாகக் கேட்டது. ஆனியில் பெண் குழந்தை பிறந்தது. தெருவில் வேறு யாருக்கும் ஒரு வயிற்றுவலிகூட வரவில்லை. உமாவைப் பார்த்து முடித்த டாக்டர், பக்கத்தில் நின்ற என் கையைப் பிடித்து நாடி பார்த்து, பிரஷர் பார்த்து, என்னைப் படுக்கச் சொல்லி குளுக்கோஸ் ஏற்றினார். என்ன வியாதி என்று செண்பகம் கேட்டாள். பயம் என்றார்.